இருவாச்சி அறையிருந்த மரம்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. காலை மடக்கிக்கொண்டால் எல்லோருக்கும் இடம் இருக்கும். பெரியவர்கள் பின்னால் நின்றுகொண்டு கேட்காத மாதிரி கேட்க வேண்டாம், நீங்களும் உட்காருங்கள். இது கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டிய கதை.

முன்னொரு காலத்தில் ஈரமலை என்று ஒரு மலை இருந்தது. அங்கே வருஷத்தில் எட்டு மாதம் வானம் பெய்யும், மீதி நாலு மாதம் மரம் பெய்யும். மழை விட்ட பிறகும் இலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும் என்று அர்த்தம். உச்சி வெயில்கூட அந்தக் காட்டுக்குள் நுழைந்தால் தரைக்கு வந்து சேர்வதற்குள் பச்சையாகிப் போய்விடும். மலை பிறந்த அன்றைக்கே காடும் பிறந்ததாம். அதற்கு முந்தி அங்கே என்ன இருந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அந்த நாட்டுக்கு வில்லவராயன் என்று ஒரு ராஜா. ஒரு தடவை வேட்டைக்கென்று ஈரமலைக்கு வந்தார். வில்லை எடுத்து நாணேற்றி நிற்கிறார், தலைக்கு மேலே தேர் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பறவை. கழுகைவிடப் பெரிசு. கறுப்பும் வெள்ளையுமாகச் சிறகு. மஞ்சள் மூக்கு, அந்த மூக்கின் மேலே இன்னொரு மூக்கைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கொண்டை. இருவாச்சி என்போமே, அதுதான். ஒன்று முன்னே, ஒன்று பின்னே, ஜோடியாக மலையைத் தாண்டிப் போயின. சிறகுச் சத்தம் அடங்குகிறவரைக்கும் ராஜா அசையவில்லை. பிறகு வில்லைக் கீழே வைத்துவிட்டார்.

"இனி இது காவற்காடு. இங்கே வேட்டை கிடையாது. நல்ல மரத்தில் கோடரி படக்கூடாது. என் நந்தவனத்தை எப்படிக் காக்கிறீர்களோ, அப்படிக் காக்க வேண்டும்" என்றார்.

எல்லையில் கல் நட்டார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் கடைசியாகச் சொன்னாரே நந்தவனம் என்று, வினை அங்கேதான் வந்து உட்கார்ந்தது.

அரண்மனை நந்தவனத்துக்குத் திருமலைக்கொழுந்து என்று ஒருவர் மணியம். மணியம் என்றால் மேல்பார்க்கிற அதிகாரி. கெட்டவர் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மல்லிகைப் பந்தலுக்கு அடியில் ஒரு பழுத்த இலை கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் வேலையை மெச்சி ராஜாவே தம் கையால் வெள்ளிப் பூண் போட்ட துடைப்பம் ஒன்று பரிசு கொடுத்திருந்தார். அந்த மணியத்திடம்தான் காட்டையும் ஒப்படைத்தார்கள். மணியம் நாற்பது ஆளையும் நாற்பது துடைப்பத்தையும் கூட்டிக்கொண்டு மலையேறினார்.

மலையில் பதினேழு குடிசை போட்டு மலைக்குடிச் சனங்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தி உச்சிமாளி. வயது நாற்பது இருக்கும். குங்கிலியம் எடுப்பது அவள் வேலை. மரத்தில் வடிந்து இறுகிப்போன பிசின் அது. தணலில் போட்டால் வீடெல்லாம் மணக்கும். வருஷத்துக்கு ஒரு கூடை அரண்மனைப் பூசைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். உச்சிமாளிக்குக் கண்ணைவிடக் காது நன்றாக வேலை செய்யும். எந்தக் கிளையில் எந்தக் குரங்கு உட்கார்ந்து சொறிகிறது என்பதைக்கூடக் கேட்டே சொல்லுவாள் என்று அவள் புருஷன் சடையாண்டி கேலி பேசுவான்.

முதல் வருஷம் மணியம் சருகைப் பெருக்கினார். காட்டில் விழுந்து கிடந்த உளுத்த கட்டை, அழுகின கிளை, முழங்கால் அளவுக்குக் குவிந்திருந்த இலை, எல்லாவற்றையும் பெருக்கி அள்ளி மலைக்குக் கீழே தள்ளினார்கள்.

"என்ன மணியம், எதுக்கு இதைப் பெருக்குதீக?" என்று கேட்டாள் உச்சிமாளி.

"குப்பை அம்மா."

"யாரு போட்ட குப்பை?"

"மரம் போட்டது."

"அப்ப மரத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பெருக்குங்க."

நாற்பது பேரும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். மணியமும் சிரித்தார். ஆனால் குடிசைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஊற்று உண்டு. கோடையிலும் வாயாடி மாதிரி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். அந்த வருஷம் மாசியிலேயே அது முனக ஆரம்பித்துவிட்டது. அதை உச்சிமாளி கேட்டாள். வேறு யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் வருஷம் மணியம் திருடர்களைத் துரத்தினார். பழந்தின்னி வௌவாலும் மரநாயும்தான் திருடர்கள். "ராஜாவின் பழத்தை இதுகள் தின்பதா?" என்று சொல்லி, முரசு அடித்து, புகை போட்டு, மலைக்கு அந்தப் பக்கம் விரட்டிவிட்டார். காடு அமைதியாக இருந்தது. மணியத்துக்குத் திருப்தி. உச்சிமாளி மட்டும் குனிந்து குனிந்து நடந்தாள். வழியெல்லாம் இரண்டு இலை விட்டு எழும்புகிற கன்று ஒன்றையும் காணோமே என்று பார்த்தாள்.

அந்த வருஷக் கடைசியில் மணியத்தின் கண் பொந்து மரங்கள் மேல் விழுந்தது. பொந்து விழுந்த மரம் நல்ல மரமா? நந்தவனக் கணக்கில் அது சொத்தை. சொத்தையை வெட்டுவது காவல்தானே?

இங்கே நான் கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். இருவாச்சி கூடு கட்டாது. தை மாசம் பிறந்தால் பெண் பறவை ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணும் பழச்சக்கையும் எச்சமும் குழைத்து வாசலைப் பூசிவிடும். ஒரு மூக்கு நுழைகிற அளவுக்கு மட்டும் கீற்று. உள்ளே போனதும் பறக்கிற இறகையெல்லாம் உதிர்த்துவிடும். பறக்க முடியாது. முட்டையிட்டு, பொரித்து, பிள்ளையை வளர்த்து வெளியே வருகிறவரைக்கும் மூன்று நாலு மாசம் ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும்.

மலைக்குடியில் இதற்குப் பெயர் அறையிருப்பு. "அம்மா அறைக்குப் போயாச்சு" என்று ஒருத்தி வந்து சொன்னால், பெண்கள் போய் அந்த மரத்தைச் சுற்றிப் பச்சை ஓலைக் கயிறு கட்டுவார்கள். அன்று முதல் அந்த மரத்தடியில் வெட்டு இல்லை, நெருப்பு இல்லை, சண்டை இல்லை. வருஷம் ஒரு வீட்டுப் பெண்ணுக்குக் காவல். காவலில் பிசகு வந்தால் அவளே அடுத்த வருஷமும் காவல் இருக்க வேண்டும்.

அந்த இரண்டாம் வருஷக் காவல் உச்சிமாளியுடையது.

அவள் குங்கிலியக் கூடையோடு அரண்மனைக்குப் போயிருந்த நாலு நாளில்தான் அது நடந்தது. அரண்மனையில் அன்றைக்கு ஒரே சிரிப்பு. மடைப்பள்ளித் தலைவர் தண்ணீர் இறைக்கிற பெண்ணைக் கோபத்தில் வேலையை விட்டு நீக்கியிருந்தார். ராஜாவின் சட்டம் என்னவென்றால், ஒரு வேலையாளை நீக்கினவர், பதில் ஆள் வருகிறவரைக்கும் அந்த வேலையைத் தாமே செய்ய வேண்டும். அதனால் மடைப்பள்ளித் தலைவர் தொந்தி குலுங்கக் குலுங்கக் கிணற்றடியில் நின்று இறைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நம் மணியம், ஏதோ வேலையாக வந்தவர், "சட்டம் என்றால் சட்டம்தான் ஐயா, இன்னும் இருபது குடம்" என்று விரல் நீட்டிச் சிரித்தார். உச்சிமாளியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிரித்த வாயோடு மலையேறினாள். கீழ்ச்சரிவில் மரம் விழுந்து கிடந்தது. மணியத்தின் ஆட்கள் அவர் சொல்லிவிட்டுப் போனபடி வெட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போயிருந்தார்கள். பொந்தின் பூச்சு உடைந்து, உள்ளே இறகில்லாத இருவாச்சி செத்துக் கிடந்தது. ஒரு முட்டை. மேலே கிளையில் ஆண் பறவை பழத்தைத் தொண்டையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஊரில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

மூன்றாம் வருஷம் வந்தது. தை பிறந்தது. இந்த முறை ஒரு இருவாச்சி பாதையோரத்து அயினி மரத்தில் அறைக்குப் போயிற்று. ஆறு பேர் கை கோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத மரம். உச்சிமாளி ஓலைக் கயிறு கட்டினாள். மரத்தடியிலேயே பாய் போட்டாள். அங்கே மட்டும் துடைப்பத்தை நெருங்க விடவில்லை.

பங்குனியில் சேதி வந்தது. ராஜா இருவாச்சி ஜோடியைப் பார்க்க வருகிறார். மணியம் கோடரிக்காரர்களோடு அயினி மரத்தடிக்கு வந்து நின்றார்.

"எழுந்திரு அம்மா. நாளைக்கு ராஜா இந்த வழியாகத்தான் வருவார். அவர் கண்ணில் இந்தச் சொத்தை மரம் படக்கூடாது."

"ராசா என்ன பாக்க வாராரு?"

"இருவாச்சியை."

"அதோட வீட்டை வெட்டிப் போட்டுட்டு அதைக் காட்டப் போறீகளாக்கும். உள்ள ஒருத்தி அறையிருக்கா மணியம். போன வருஷம் வெட்டினீகளே, அதுலயும் இருந்தா."

மணியம் நிமிர்ந்து பார்த்தார். ஒரு தென்னை உயரத்தில் காய்ந்த மண் அப்பின மாதிரி ஒரு தழும்பு. அவ்வளவுதான் தெரிந்தது.

"ஏம்மா, பறவை கூடு கட்டும். தன்னைத் தானே உள்ளே வைத்துப் பூசிக்கொள்ளுமா? என் நந்தவனத்தில் நூறு ஜாதிப் பறவை இருக்கிறது. ஒன்றுகூட அப்படிச் செய்ததில்லை."

பாருங்கள், அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நந்தவனம். நந்தவனத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று நினைத்துவிட்டார்.

"ராசாகிட்டயே கேட்டுட்டு வெட்டுங்க. அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்" என்றாள் உச்சிமாளி. மணியமும் சரி என்றார். ராஜா வாயாலேயே உத்தரவு வாங்கி வெட்டிவிடலாம், ஒரு நாள்தானே என்று நினைத்தார்.

சாயங்காலம் சடையாண்டி கஞ்சிக் கலயத்தோடு வந்தான்.

"ஏளா, ராசாகிட்ட என்னத்தைச் சொல்லப் போறே? மணியம் பேசுனா அது நியாயம். நீ பேசுனா அது கதைன்னுருவாக."

"கதை சொல்லப் போகல. வழக்குச் சொல்லப் போறேன்."

"என்ன வழக்கு?"

"மடைப்பள்ளித் தலைவரு தண்ணி இறைச்சாருன்னு சொன்னேன்லா?"

"தொந்தி குலுங்கக் குலுங்க."

"அதே வழக்குதான்" என்று சொல்லிவிட்டு உச்சிமாளி கஞ்சியைக் குடித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்குக் கஞ்சி ருசித்தது.

மறுநாள் ராஜா வந்தார். தலைக்கு மேலே அந்தத் தேர்ச் சத்தம் கேட்டது, நிமிர்ந்தார். ஒரே ஒரு பறவை பறந்து போயிற்று.

"ஜோடி எங்கே?" என்றார் ராஜா.

மணியம் கை கட்டி நின்றார். உச்சிமாளி முன்னே வந்து கும்பிட்டாள்.

"ராசா, ஒரு வழக்கு இருக்கு. இந்தக் காட்டுல உங்க வேலையாளுக ரெண்டு பேரை மணியம் நீக்கிட்டாரு. பதில் ஆளு போடல. மூணாவது ஆளை இன்னிக்கு நீக்கப் போறாரு."

"நான் யாரையும் நீக்கவில்லையே மகாராஜா" என்றார் மணியம்.

"முதல் ஆளு தண்ணியைக் காக்குறவன். சருகும் உளுத்த கட்டையும். ரெண்டாம் ஆளு விதை போடுறவன். வௌவாலும் மரநாயும். மூணாம் ஆளு இந்த அயினி மரம். உள்ள ஒருத்தியையும் அவ பிள்ளையையும் வச்சுக் காப்பாத்திட்டு நிக்கி. நீக்குனவரு அந்த வேலையைத் தானே செய்யணும்ங்கிறது உங்க சட்டம். மூணு நாள், மூணு வேலை. மணியம் செஞ்சு முடிச்சுட்டா மரத்தை வெட்டிக்கிடட்டும். முடியலைன்னா துடைப்பத்தை எல்லாம் மலையை விட்டு எறக்கிறணும்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சட்டம் அவருடையது. மணியத்தைப் பார்த்தார். மணியம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சட்டம் என்றால் சட்டம்தான் மகாராஜா. சருகு செய்கிற வேலையை மனிதன் செய்ய முடியாதா என்ன?"

முதல் நாள், தண்ணீர் வேலை. பெருக்கின சரிவில் தண்ணீரை ஊற்றிச் சாயங்காலம்வரைக்கும் ஈரத்தை நிறுத்திக் காட்ட வேண்டும். நாற்பது ஆளும் சரிவுக்குக் கீழே ஓடுகிற ஆற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார்கள். ஊற்றின தண்ணீர் வழுக்கிக்கொண்டு, செம்மண்ணையும் இழுத்துக்கொண்டு, அவர்களுக்கு முன்னாலேயே ஆற்றுக்குத் திரும்பி ஓடிற்று. உச்சிமாளி அயினி மரத்தடியில், பெருக்காமல் விட்ட சருகின் மேல், ஒரே ஒரு குடம் ஊற்றினாள். சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை.

சாயங்காலம் ராஜா சரிவில் விரலால் குத்திப் பார்த்தார். நகம் வலித்தது. மரத்தடிச் சருகுக்குள் கையை விட்டார். மணிக்கட்டுவரைக்கும் குளிர்ந்தது. கூடவே ஒரு அட்டைப்பூச்சி அவர் கைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ராஜா துள்ளி எழுந்தார்.

"பயப்படாதீக ராசா. ஈரம் இருக்குன்னு சாட்சி சொல்ல வந்திருக்கு" என்றாள் உச்சிமாளி.

இரண்டாம் நாள், விதை வேலை. உச்சிமாளி மூன்று இடத்தைக் காட்டினாள். ஒன்று, செங்குத்துப் பாறையில் ஒரு வெடிப்பு. அதில் ஒரு அத்தி முளைத்திருந்தது. இன்னொன்று, உயரமான ஒரு மரத்தின் கவட்டை. அங்கே ஒரு ஆலங்கன்று. மூன்றாவது, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஆள் கால் வைக்க முடியாத விளிம்பில் ஒரு குங்கிலிய மரம்.

"இதெல்லாம் நீங்க நீக்குன ஆளுக நட்டது மணியம். அதே மாதிரி ஒண்ணொண்ணு நட்டுக் காட்டுங்க."

மணியம் தோட்ட வேலையில் சூரர். பாறைக்குக் கயிறு கட்டி இறங்கி ஒரு விதையை ஊன்றியே விட்டார். எல்லோரும் கை தட்டினார்கள், உச்சிமாளியும்தான். கவட்டைக்கு ஏறும்போது தலைப்பாகை ஒரு கிளையில் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. விதையும் மடியிலிருந்து நழுவிவிட்டது. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, அந்த விளிம்பைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த விதையைத் திரும்ப மடியில் முடிந்துகொண்டார்.

"பத்தலை மணியம். அந்தப் பழத்தை முதல்ல நீங்க முழுங்கணும்" என்றான் சடையாண்டி. "மரநாய் வயித்துக்குள்ள போயிட்டு வந்தாத்தான் சில விதைக்கு முளைக்கவே மனசு வரும். அதுக்கப்புறம் அந்தப் பாறை மேல ஏறி நீங்க..."

"போதும்" என்றார் மணியம்.

ராஜா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கிற்று.

மூன்றாம் நாள். இந்த நாளில் யாரும் சிரிக்கவில்லை.

உச்சிமாளி கணு விட்ட ஒற்றை மூங்கில் ஏணியை அயினி மரத்தில் சாத்திக் கட்டினாள். ஒரு சின்னக் கூடையில் அத்திப்பழம் வைத்துக் கொடுத்தாள். "விடிஞ்சதுல இருந்து பொழுது சாயிற வரைக்கும் உள்ள இருக்கிறவளுக்கு ஊட்டணும். அவ்வளவுதான் வேலை" என்றாள். அரை நாள் பட்டினியை அம்மா தாங்குவாள் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் பிள்ளை தாங்காது என்பதும் தெரியும். ஆனால் இந்த ஏணியை விட்டால் மரத்தைக் காப்பாற்ற அவளுக்கு வேறு வழி இல்லை.

மணியம் ஏறினார். ஐம்பது வயதுக் கால் ஒவ்வொரு கணுவிலும் ஆடிற்று. தழும்புக்கு நேரே போனதும் கீற்றில் கண்ணை வைத்தார். உள்ளே இருட்டு. இருட்டுக்குள் ஒரு கண், சிமிட்டாமல் அவரைப் பார்த்தது.

ஒரு பழத்தை எடுத்துக் கீற்றில் நீட்டினார். மூக்கு பின்வாங்கிற்று. "வாங்கிக்கோ தாயி" என்றார். வாங்கவில்லை. இன்னொரு பழம். வாங்கவில்லை. பழத்தைத் துடைத்து நீட்டினார், பிதுக்கி நீட்டினார், கீற்றின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்தும் பார்த்தார். பழம் உருண்டு கீழே விழுந்தது.

அப்போது பக்கத்து மரத்தில் தேர்ச் சத்தம். ஆண் பறவை வந்து உட்கார்ந்தது. தொண்டை புடைத்திருந்தது. மணியத்தைப் பார்த்தது. கிட்ட வரவில்லை, போகவும் இல்லை. போன வருஷம் கீழ்ச்சரிவில் உட்கார்ந்திருந்ததே, அதே இருப்பு. கீழே உச்சிமாளி கண்ணை மூடிக்கொண்டாள்.

வெயில் ஏறிற்று. பொந்துக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு குரல் கேட்டது. கறி அரிகிற கத்தியைத் தீட்டுகிற மாதிரி, விட்டு விட்டு. உச்சிமாளிக்குக் கீழேயே கேட்டது. மணியத்துக்கு அவர் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. பசித்த பிள்ளையின் குரல் எந்த ஜாதிக்கும் ஒன்றுதான். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உச்சிப்பொழுது வருவதற்குள் மணியம் இறங்கிவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. தாமாக இறங்கினார். ராஜாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"மகாராஜா, கை ஓய்ந்து இறங்கவில்லை. நான் அங்கே இருக்கிறவரைக்கும் அந்தத் தகப்பன் வரமாட்டான். பிள்ளை அழுகிறது. இந்த வேலை என்னால் ஆகாது." உச்சிமாளி பக்கம் திரும்பினார். "போன வருஷமும் ஒன்று இருந்தது. வெட்டினவன் நான்தான்."

"ஏணியை எடுங்க" என்றாள் உச்சிமாளி. எல்லோரும் புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள், ராஜாவும்தான்.

ஒரு நாழிகை ஆயிற்று. ஆண் பறவை வந்து மரத்தைப் பற்றிக்கொண்டது. தலையை உலுக்கிற்று. தொண்டையிலிருந்து ஒரு அத்திப்பழம் மூக்கு நுனிக்கு வந்தது. கீற்றுக்குள்ளிருந்து ஒரு மூக்கு நீண்டு வாங்கிக்கொண்டது. இன்னொன்று. இன்னொன்று. ராஜா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். இருபத்து மூன்று பழம். கடைசியாக ஒரு காட்டு ஜாதிக்காய், சிவப்புத் தோலோடு. அதையும் கொடுத்துவிட்டு, கிளையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பழம் தேடப் பறந்து போயிற்று.

"ஜோடி எங்கே என்று கேட்டேனே" என்றார் ராஜா மெதுவாக.

அன்றைக்கே நாற்பது ஆளும் இறங்கிப் போனார்கள். மலைக்குக் கீழே தள்ளின சருகில் மிச்சம் இருந்ததைக் கூடை கூடையாக மேலே திருப்பிக் கொண்டுவந்தார்கள். முரசுச் சத்தம் நின்றதும் வௌவால்கள் தாமாகவே திரும்பி வந்தன. மரநாய்க்குச் சொல்லியனுப்ப வேண்டியிருக்கவில்லை. முதல் மழைக்கே வந்துவிட்டது.

மணியம் மட்டும் இறங்கவில்லை. அம்மா வெளியே வருகிறவரைக்கும் காவலில் ஒரு பங்கு தமக்கும் வேண்டும் என்று கேட்டார். பெண்கள் கூடிப் பேசிக் கொடுத்தார்கள். "முந்தானை இல்லாம அறைக்காவல் இருக்குற முதல் ஆளு நீங்கதான் மணியம்" என்று சடையாண்டி தினமும் சொல்லுவான். மணியம் தினமும் தலையை ஆட்டிக்கொள்வார்.

வைகாசியில் ஒரு காலை, பொந்திலிருந்து டொக்கு டொக்கென்று சத்தம். பூச்சு பெயர்ந்து விழுந்தது. அம்மா தலையை நீட்டினாள். புதுச் சிறகை விரித்தாள். பின்னாலேயே குட்டையான மூக்கோடு பிள்ளை. முதலில் ஒரு தேர் ஓடிற்று. அப்புறம் இரண்டாவது தேர். மூன்றாவது கொஞ்சம் தடுமாறி, மரத்துக்கு மரம் முட்டிக்கொண்டு ஓடிற்று. உச்சிமாளி மூன்றையும் தனித்தனியாகக் கேட்டாள். ஊற்றும் அன்றைக்குப் பழைய வாயாடித்தனத்தில் பாதி பேசிற்று. மீதிப் பாதிக்கு இன்னும் இரண்டு மழை வேண்டும்.

மணியம் தம் வெள்ளிப் பூண் துடைப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினார். "இதை இனி நான் என்ன செய்வேன் அம்மா?"

ஒன்று என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதை வேண்டாதது என்று தள்ளக் கூடாது. இந்தக் கதையின் நீதி இதுதான்.

உச்சிமாளி அந்தத் துடைப்பத்தை வாங்கினாள், பூணைக் கழற்றி மணியத்தின் கையிலேயே கொடுத்தாள், குச்சியையும் ஈர்க்கையும் அயினி மரத்தடியில் பிரித்துப் போட்டு, மேலே இரண்டு கை சருகை அள்ளி மூடினாள்.